உடலின் காவலரும் காசநோயும்

(தருமபுரத்தில் உழவர் பெருமக்களிடையே நிகழ்த்திய உரை)



திருஞானசம்பந்தர் பாடிய யாழ்முரிப் பதிகத்தால் புகழ்பெற்ற ஊர் இது. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்காத இசை இங்கே பிறந்தது என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அத்தகைய ஊரில் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் உடலைப் பற்றியது. வெளியிலிருந்து நுழையும் கிருமிகளை உடலில் உள்ள அணுக்கள் எவ்வாறு விழுங்கி அழிக்கின்றன என்பதையும், அவ்வாறு விழுங்கப்பட்ட பின்னும் அழியாமல் பிழைத்துக் கொள்ளும் காசநோய்க் கிருமியை நாம் எவ்வாறு வெல்லலாம் என்பதையும் இன்று பார்ப்போம். இது மருத்துவர் மட்டும் அறிந்திருந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடிய செய்தியன்று. காசநோயை ஒழிக்கும் வேலையில் பாதி, மருத்துவ மனையின் சுவர்களுக்கு வெளியே, ஊருக்குள்தான் நடைபெற வேண்டியிருக்கிறது.

முள் குத்திய இடத்தில் நடப்பது

நடவு வயலிலோ வேலி ஓரத்திலோ காலில் முள் ஏறுவது நமக்குப் புதிதன்று. முள் தைத்த இடம் சில மணி நேரத்தில் சிவக்கிறது, சூடு கொள்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது. முள்ளை எடுக்காமல் விட்டால் இரண்டொரு நாளில் சீழ் கோக்கிறது. பிறகு அது உடைந்து ஆறிவிடுகிறது. சிறு வயது முதல் நாம் கண்டு வருகிற இந்நிகழ்ச்சியில், உடல் தன்னைக் காத்துக் கொள்ளும் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஏர் பூட்டி உழும்போது கொக்குகள் எங்கிருந்தோ வந்து சேருவதை நாம் பார்க்கிறோம். மண் புரண்டவுடன் வெளிப்படும் புழுவையும் பூச்சியையும் அவை கொத்தித் தின்கின்றன. யாரும் அவற்றை அழைப்பதில்லை. மண் புரண்டதே அழைப்பாகிறது. நம் உடலிலும் இவ்வாறே நடைபெறுகிறது. தோல் கிழிந்து, கிருமி உள்ளே நுழைந்தவுடன், காயம்பட்ட இடத்திலிருந்து சில இரசாயனப் பொருள்கள் கசிகின்றன. அவற்றின் வாடையைப் பற்றிக்கொண்டு, இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் அந்த இடத்தை நாடி வருகின்றன. அங்கே இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தம் மிகுதியாகப் பாய்வதால்தான் சிவப்பும் சூடும் உண்டாகின்றன. குழாய்ச் சுவரின் இடுக்குகள் வழியே நீரும் அணுக்களும் வெளியே இறங்குவதால் வீக்கம் உண்டாகிறது. எனவே, வீக்கம் என்பது உடல் தோற்றதற்கு அடையாளம் அன்று. காவலர் வந்து சேர்ந்ததற்கு அடையாளம்.

இந்த உண்மையைக் கண்டவர் ஒருவர்

இவ்வுண்மையை முதன்முதலில் தெளிவாக எடுத்துக் காட்டியவர் ருஷிய நாட்டு விலங்கியல் அறிஞர் இலியா மெச்னிகாப். 1882-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இத்தாலியைச் சேர்ந்த மெசினா என்னும் கடற்கரை நகரில் தங்கி, கடல் உயிர்களை ஆராய்ந்து வந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி போன்ற உடலை உடையது. அதன் உள்ளே நடப்பதை நுண்பெருக்கியால் அப்படியே பார்க்கலாம். தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து சில முட்களைப் பறித்து அக்குஞ்சுகளின் உடலில் அவர் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, நகரும் அணுக்கள் முள்ளைச் சுற்றிலும் மொய்த்துக் கொண்டிருந்தன. குருதியே இல்லாத அச்சிற்றுயிரிலும் காவல் அணுக்கள் உண்டு என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

அடுத்து அவர் குட்டைகளில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை ஆராய்ந்தார். ஊசி போன்ற ஒருவகைக் காளான் விதை அதன் உடலில் நுழைந்தபோது, அதன் அணுக்கள் அவ்விதையைச் சூழ்ந்து தின்றன. தின்று தீர்த்தால் நீர்த்தெள்ளு பிழைத்தது. விதைகள் முந்திக்கொண்டு பெருகினால் அது மாண்டது. நோய் என்பது கிருமிக்கும் விழுங்கும் அணுக்களுக்கும் இடையே நடக்கும் போராட்டம் என்று 1884-இல் அவர் எழுதினார். அக்காலத்து அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. வெள்ளணுக்கள் கிருமியை அழிப்பதில்லை, அவற்றைச் சுமந்து சென்று உடல் முழுவதும் பரப்பவே செய்கின்றன என்று வாதிட்டோரும் இருந்தனர். மெச்னிகாப் 1888-இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்து, தம் வாழ்நாள் இறுதிவரை அங்கேயே உழைத்தார். 1908-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக்குடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்நாளில் நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. அதே நாட்டின் ஆராய்ச்சிக் கூடமொன்றில் வளர்ந்த இவ்வறிவு, இன்று எல்லா நாட்டு மருத்துவத்துக்கும் அடிப்படையாக இருக்கிறது.

காவலர் யார்?

நமது இரத்தத்தின் ஒரு கன மில்லி மீட்டரில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. அதே அளவில் வெள்ளணுக்கள் 4,000 முதல் 11,000 வரையே உள்ளன. எண்ணிக்கையில் சிறுபான்மையினரான இவர்களே காவல் தொழிலை மேற்கொண்டுள்ளனர். இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நியூட்ரோபில் எனப்படும் முன்னணிப் படையினர். எலும்பு மச்சையில் நாள்தோறும் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்கள் உருவாகின்றன. அவற்றின் ஆயுள் சில மணி நேரம் முதல் சில நாள் வரைதான். காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடிச் சென்று போராடி மடிவது அவற்றின் கடமை. புண்ணில் நாம் காணும் சீழ் பெரும்பாலும் இவ்வாறு மடிந்த அணுக்களின் குவியலே.

இரண்டாம் வகையினர் மேக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கணுக்கள். இவர்கள் நிலையாகக் காவல் காப்பவர்கள். நுரையீரலின் காற்றறைகளிலும், கல்லீரலிலும், மண்ணீரலிலும், தோலின் அடியிலும் இவர்கள் தங்கியிருக்கின்றனர். தேவைப்படும்போது இரத்தத்திலிருந்து புதிய அணுக்களும் வந்து இவர்களோடு சேருகின்றன. இவர்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வாழ்வர். முன்னணிப் படையினரின் பிணங்களை அகற்றி இடத்தைத் துப்புரவு செய்வதும் இவர்கள் வேலையே.

விழுங்குதலும் செரித்தலும்

கிருமியை இவ்வணுக்கள் எவ்வாறு அறிந்து கொள்கின்றன? நம் உடலின் அணுக்களில் காணப்படாத சில பொருள்கள் கிருமிகளின் மேலோட்டில் உண்டு. அவற்றைத் தொட்டறியும் உறுப்புகள் விழுங்கணுவின் மேற்பரப்பில் அமைந்துள்ளன. அன்றியும், முன்னர் ஒருமுறை வந்துபோன கிருமியாக இருந்தாலும், தடுப்பூசி போட்டிருந்தாலும், அக்கிருமிக்கென்றே அமைந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் தயாராக இருக்கும். அது கிருமியின் மேல் படிந்துவிட்டால் விழுங்குவது எளிதாகிறது. இலண்டன் நகரத்து மருத்துவர் ஆல்ம்ராத் ரைட் 1903-இல் இதனை விளக்கியபோது, தொட்டுக்கொள்ளும் உணவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் அமைத்தார். வெறுஞ்சோறு தொண்டையில் சிக்கும். குழம்பு சேர்ந்தால் இறங்கும். அதுபோன்றதே இது.

கிருமியைத் தொட்டவுடன் விழுங்கணு தன் உடலையே இரு கைகள் போல நீட்டி, அதனைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக் கொள்கிறது. கிருமி இப்போது ஒரு சிறு பையினுள் அடைபடுகிறது. இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அணுவினுள் லைசோசோம் எனப்படும் வேறு சில பைகள் இருக்கின்றன. பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் தெ துவே 1955-இல் இவற்றுக்குப் பெயரிட்டார். கடுமையான செரிமானச் சாறுகள் நிறைந்த இப்பைகள், கிருமி அடைபட்ட பையோடு வந்து கலக்கின்றன. உள்ளே புளிப்பு ஏறுகிறது; சாறுகள் கிருமியின் சுவரைக் கரைக்கின்றன.

இதற்கு மேலும் ஓர் ஆயுதம் உண்டு. கிணற்று நீரிலும் மேல்நிலைத் தொட்டியிலும் நாம் பிளீச்சிங் பவுடர் கலக்கிறோம். அது நீரில் கரைந்தவுடன் ஹைபோகுளோரஸ் அமிலம் என்ற பொருள் உண்டாகிறது. கிருமியைக் கொல்வது அதுவே. அதே அமிலத்தை நியூட்ரோபில் அணு, நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவையும், உணவில் சேர்க்கும் உப்பிலுள்ள குளோரைடையும் கொண்டு, தனக்குள்ளே தயாரித்துக் கொள்கிறது. ஊர்க் கிணற்றைத் தூய்மை செய்யப் பஞ்சாயத்து கையாளும் முறையை உடல் என்றோ கையாளத் தொடங்கிவிட்டது. அவ்வமிலத்தைத் தயாரிக்க உதவும் பொருள் பச்சை நிறமுடையது. சீழும் சளியும் சில சமயம் பச்சையாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம். பிராணவாயுவை இவ்வாறு ஆயுதமாக மாற்றும் ஆற்றல் பிறவியிலேயே அமையாத குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுடைய அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. ஆனால் அவற்றுள் பலவற்றைக் கொல்ல முடிவதில்லை. அக்குழந்தைகள் மீண்டும் மீண்டும் கொடிய நோய்களுக்கு ஆளாகின்றனர். விழுங்குவது மட்டும் போதாது, செரிப்பதும் வேண்டும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

விழுங்கப்பட்டும் சாகாத கிருமி

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் பெர்லின் நகரில் உலகுக்கு அறிவித்தார். மெச்னிகாப் முள்ளைச் செருகிப் பார்த்ததும் அதே ஆண்டில்தான். எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய நோய் இக்கிருமியால் வருவது.

நெல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில் சில நெல்மணிகள் அப்படியே கிடப்பதையும், அவை முளைப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். உமி இருப்பதால் அவை மாட்டின் வயிற்றில் செரிக்காமல் தப்பிக்கின்றன. காசநோய்க் கிருமியின் மேலும் மெழுகு போன்ற கனத்த ஓடு ஒன்று உண்டு. நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் இக்கிருமியை மற்றொருவர் மூச்சோடு இழுத்தால், அது நுரையீரலின் காற்றறைக்குப் போய்ச் சேருகிறது. அங்குள்ள பெருவிழுங்கணு வழக்கம்போல் அதனை விழுங்குகிறது. ஆனால் செரிமானச் சாறு நிறைந்த பைகள் வந்து கலவாதபடி கிருமி தடுத்துவிடுகிறது. பையினுள் புளிப்பும் போதிய அளவு ஏறுவதில்லை. கொல்ல வந்த காவலரின் உடலையே அது வீடாக்கிக் கொண்டு அங்கே பெருகத் தொடங்குகிறது.

எனினும் உடல் சோர்ந்து விடுவதில்லை. நிணநீர் அணுக்கள் என்னும் வேறொரு படை சில வாரங்களில் வந்து சேருகிறது. அவை பெருவிழுங்கணுக்களுக்கு ஊக்கம் ஊட்டுகின்றன. ஊக்கம் பெற்ற விழுங்கணுக்கள் முன்பு கொல்ல முடியாத கிருமிகளையும் கொல்கின்றன. எஞ்சிய கிருமிகளைச் சுற்றிப் பலவகை அணுக்களும் வேலி கட்டினாற்போல் நெருங்கி நின்று ஒரு முடிச்சாக அமைகின்றன. அதனுள் கிருமி பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கலாம். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இக்கிருமி புகுந்திருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஆயினும் கிருமி புகுந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் மட்டுமே தம் வாழ்நாளில் நோயாளி ஆகின்றனர். மற்றவர்களிடம் வேலி காக்கிறது. இவர்களால் பிறருக்கு நோய் பரவுவதும் இல்லை.

வேலி எப்போது இடிகிறது?

இக்கேள்விக்கான விடைதான் நமக்கு மிகவும் வேண்டியது. காவலர் நலிந்தால் வேலி இடியும். அவர்களை நலியச் செய்வனவற்றில் முதலாவது அரைவயிற்று உணவு. எலும்பு மச்சையில் அணுக்கள் உருவாகவும், அவை ஓடவும், சாறுகளைத் தயாரிக்கவும் உணவு வேண்டும். சிறப்பாகப் பருப்பு, முட்டை, மீன், பால் போன்றவற்றிலுள்ள புரதம் வேண்டும். இரண்டாவது சர்க்கரை நோய். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. ஓட்டமும் குறைகிறது, கொல்லும் ஆற்றலும் குறைகிறது. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. பீடி, சிகரெட்டுப் புகை நுரையீரலின் காவலரை நேராகவே தாக்குகிறது. மிகுதியான குடியும் அவ்வாறே. எச்.ஐ.வி. கிருமியோ, ஊக்கம் ஊட்டும் நிணநீர் அணுக்களையே அழித்து வேலியைத் தகர்க்கிறது.

உணவின் ஆற்றலை ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டுக் காட்டியுள்ளது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டு மாநிலத்தில், சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்டு, 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் இது நடத்தப்பட்டது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. அவர்களுடைய வீட்டாரில் 10,345 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் ஊட்டச்சத்து மாத்திரைகளும் கொடுத்தனர். உணவு பெற்ற பிரிவில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள் மற்றப் பிரிவைவிட 39 விழுக்காடு குறைவு. நுரையீரலைத் தாக்கிப் பிறருக்குப் பரவக்கூடிய வகை மட்டும் 48 விழுக்காடு குறைவு. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. இம்முடிவுகள் 2023-இல் வெளியாயின. அரிசியும் பருப்பும் நம் களத்திலும் வயலிலும் விளைகிற பொருள்கள். உளுந்தும் பயறும் விளையும் இக்கடைமடைப் பகுதியில் அவை இலையில் சேராமல் விற்பனைக்கு மட்டுமே போகின்றனவா என்பதை ஒவ்வொரு வீட்டிலும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னை காட்டிய வழி

கொன்று தீர்க்க மருந்தில்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, உணவு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் விடுதி அத்தகையது. 1937-இல் சென்னை அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் நாட்டிலுள்ள நோயாளிகள் எல்லோருக்கும் விடுதியில் கட்டில் தருவது இயலாத காரியம். அரிய மருந்துகள் வந்த பின்னர், அவற்றை வீட்டிலேயே கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது.

இதற்கு விடைகாண 1956-இல் சென்னையில் காசநோய் வேதி சிகிச்சை நிலையம் அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. மேற்சொன்ன தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இப்போது விளங்குவது அந்நிலையமே. சென்னையின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை விடுதியில் வைத்தும், மறு பிரிவினரை நெருக்கடி மிகுந்த அவர்தம் வீடுகளிலேயே விட்டும், ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். விடுதியில் நல்ல உணவு. வீட்டில் எளிய உணவு. ஆயினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் தங்கியவர்களின் குடும்பத்தாருக்கு, விடுதியில் தங்கியவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடங்கள் இரண்டு. மருந்தை ஒழுங்காக உட்கொள்பவர் விரைவில் பிறருக்கு நோய் பரப்பாதவர் ஆகிறார். ஆகவே அவரை ஒதுக்கி வைக்கக் காரணம் இல்லை. உணவு எளியதாயினும் மருந்து தன் வேலையைச் செய்யும்; ஆகவே வறுமையைக் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மருந்து கிருமியைக் கொல்கிறது. உணவு உயிரைத் தாங்கி, வீட்டிலுள்ள மற்றவர்களையும் காக்கிறது. இரண்டும் வேண்டும்.

ஆறு மாதம் எதற்காக?

இரண்டு மாதம் மருந்து உண்டவுடன் இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, வேலைக்குப் போகவும் தெம்பு வருகிறது. இனி மருந்து எதற்கு என்று பலர் நிறுத்தி விடுகின்றனர். களையெடுப்பை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை களை பிடுங்கினால் வயல் சுத்தமாகத் தோன்றும். ஆனால் மண்ணுக்குள் விதையும் கிழங்கும் கிடக்கின்றன. அடுத்த நீர் பாய்ந்தவுடன் கோரை மீண்டும் தலைகாட்டும். காசநோய்க் கிருமியும் இத்தகையதே. பல கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். இதுவோ ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒருமுறைதான் பெருகும். சில கிருமிகள் விழுங்கணுக்களுக்குள்ளும் முடிச்சுகளுக்குள்ளும் உறங்கிக் கிடக்கும். பெருகும் கிருமியைக் கொல்லும் மருந்து வேறு. உறங்கும் கிருமியைத் தேடிக் கொல்லும் மருந்து வேறு. அதனால்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் நாள்தோறும் தரப்படுகின்றன. இடையில் நிறுத்தினால் எஞ்சியவை மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத கிருமியும் தோன்றும். அது வீட்டாருக்குத் தொற்றினால் அவர்களுக்கும் முதலிலிருந்தே வழக்கமான மருந்து பயன்படாமற் போகும்.

பி.சி.ஜி. ஊசி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பிரான்சு நாட்டின் லீல் நகரில் கால்மெத்து, கெரான் என்ற இருவர் 1908 முதல் 13 ஆண்டுகள் ஒரு கிருமியை 230 முறை மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்து உருவாக்கிய ஊசி அது. 1948 முதல் நம் கிண்டியிலும் அதனைத் தயாரித்தனர். குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயை அது நன்கு தடுக்கிறது; ஆகையால் பிறந்த குழந்தைக்கு அதனைத் தவறாமல் போட வேண்டும். ஆனால் 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிப் 15 ஆண்டுகள் தொடர்ந்த பேராராய்ச்சியில், பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆகவே ஊசி போட்டிருக்கிறோம் என்று பெரியவர்கள் இருமலைப் பொருட்படுத்தாமல் இருத்தல் கூடாது.

நம் ஊர் செய்ய வேண்டியவை

இனி நாம் செய்யக் கூடியவற்றைச் சொல்வோம்.

முதலாவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, எடை குறைதலோ, சளியில் இரத்தமோ கண்டால், உடனே சளிப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். அரசு மருத்துவ மனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் வழியாகவும் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. நோயாளிக்கு உணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கி வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகை அவரது வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். கணக்கு இல்லாதவர்க்குக் கணக்குத் தொடங்க உதவுவது ஊரார் செய்யக்கூடிய சிறிய, ஆனால் பயனுள்ள தொண்டு.

இரண்டாவது, நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்வோர் அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். நோய் இல்லாதவர்க்கும் தடுப்பு மருந்து தேவையா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார்.

மூன்றாவது, சர்க்கரை நோய் உள்ளவர்கள் காசநோய்ச் சோதனையும், காசநோய் உள்ளவர்கள் சர்க்கரைச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை நோயுள்ள உழவர்கள் சேற்றில் இறங்கும்போது காலில் சிறு புண்ணும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெல்வயல் மண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் என்ற நோயின் கிருமியும் விழுங்கணுக்களுக்குள் பதுங்கி வாழக் கூடியது. மழைக்காலத்தில் புண் வழியாக நுழையும் அந்நோய், சில சமயம் காசநோய் போலவே தோற்றம் அளித்து ஏமாற்றும்.

நான்காவது, வீட்டில் காற்றோட்டம் வேண்டும். குளிருக்கும் கொசுவுக்கும் அஞ்சிச் சன்னலை அடைத்துவிட்ட சிற்றறையில் பலர் உறங்கும்போது கிருமி எளிதில் தொற்றுகிறது. புதிய வீடு கட்டுவோருக்கு எதிரெதிர்ச் சன்னல் வைக்குமாறு ஊர்ப் பெரியோர் எடுத்துச் சொல்லலாம்.

ஐந்தாவதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறோம். நம் ஊர்களில் இந்நோய் மறைக்கப்படுகிறது. வீட்டில் காசநோய் என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்று தாய் அஞ்சுகிறாள். மருமகளுக்கு நோய் கண்டால் தாய் வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். நடவுக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ, தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பார்களோ என்று கூலித் தொழிலாளி இருமலை அடக்கிக் கொள்கிறான். மறைக்கும் ஒவ்வொரு மாதமும் அவனுடைய நுரையீரல் அரிக்கப்படுகிறது. அவன் பிள்ளைகள் அக்காற்றையே சுவாசிக்கிறார்கள். மருத்துவர் எவ்வளவு நல்ல மருந்து வைத்திருந்தாலும், வெட்கத்தால் வீட்டுக்குள் ஒளிந்திருப்பவரிடம் அது போய்ச் சேராது. இவ்வச்சத்தைப் போக்கும் ஆற்றல் ஊருக்கு மட்டுமே உண்டு. பஞ்சாயத்துப் பொறுப்பில் உள்ள ஒருவர் நோயாளியின் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து, அவர் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடித்தால், பத்துச் சுவரொட்டிகள் செய்யாததை அது செய்யும். காசநோய் உணவாலோ, குவளையாலோ, தொட்டுப் பேசுவதாலோ பரவுவதன்று.

காசநோய் இல்லாத பஞ்சாயத்துகளைக் கண்டறிந்து பாராட்டும் திட்டம் 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. அப்பாராட்டைப் பெறுவது நல்லதே. ஆனால் நோயாளிகளை மறைத்துக் குறைந்த எண்ணிக்கை காட்டுவது அதற்கு வழியன்று. நிறையப் பேரைச் சோதித்து, நோய் கண்ட ஒவ்வொருவரையும் ஆறு மாதமும் மருந்து உண்ணச் செய்து முடிப்பதே வழி. முதலாண்டில் எண்ணிக்கை கூடினாலும் அதனால் சோர்வடைய வேண்டியதில்லை. அதுவரை தெரியாமல் இருந்தது தெரிய வந்தது என்றே கொள்ள வேண்டும்.

நம் உடலின் காவலர் நாம் உறங்கும்போதும் உழைக்கின்றனர். அவர்களுக்கு நாம் தரவேண்டியவை நல்ல உணவு, நல்ல காற்று, புகையும் குடியும் இல்லாத வாழ்க்கை, தேவைப்படும்போது தவறாத மருந்து ஆகியவையே. இவற்றை ஒரு வீடு தனியாகச் செய்துகொள்ள இயலாதபோது ஊர் கைகொடுக்க வேண்டும். இக்கூட்டம் முடிந்து செல்லும்போது, நம் தெருவில் நெடுநாளாக இருமிக் கொண்டிருப்பவர் யார் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்து, இந்த வாரத்திலேயே அவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.